எடைக்குப் போகும் திருப்பூர் கதை

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒட்டடை அடிக்கும் வேலை தொடங்கிவிடும். பரணில் கிடக்கும் பழைய ஃபைல் கட்டுகள் கீழே இறங்கும். மறுநாள் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

அந்தக் கட்டுகளுக்குள் என்னென்ன இருக்கும்? வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆர்டர் கடிதம், டெலக்ஸ் தாள், ஓரத்தில் சாம்பிள் துணி பின் அடித்த ஸ்டைல் ஷீட், சம்பள நோட்டு, மெஷின்களுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ. தராசில் வைப்பவருக்கு அது வெறும் காகிதம். ஊருக்கோ அது சரித்திரம்.

பழைய கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வ.உ.சி.யின் கதை பதில் சொல்லும்.

1912 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்த கப்பலோட்டிய தமிழர், வக்கீல் தொழிலும் இல்லாமல் வறுமையில் வாடினார். அவருக்கு உதவ தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்தார்கள். அந்தப் பணம் வ.உ.சி.க்குப் போய்ச் சேரவே இல்லை என்று ஒரு பேச்சு நம் நாட்டில் பல காலம் ஓடியது. வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி, இருவருக்கும் 1915-16-ல் நடந்த கடிதப் போக்குவரத்தைத் தேடித் தொகுத்தார். தாமதமானாலும் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி. கைக்கு வந்து சேர்ந்ததை அந்தக் கடிதங்கள் காட்டின. அவை கிழித்துப் போடப்பட்டிருந்தால், ஒரு வீண்பழி இன்றைக்கும் உண்மை போலவே உலவிக்கொண்டிருக்கும்.

இன்று காந்தியின் எழுத்துகளைப் படிக்க அகமதாபாத் போக வேண்டியதில்லை. சபர்மதி ஆசிரமம் நடத்தும் காந்தி பாரம்பரிய இணையதளத்தில், அவருடைய எழுத்துகளின் 100 தொகுதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கதர் இயக்கக் காலத்தில் திருப்பூருக்கு வந்த காந்தி, இங்கே ஆஷர் குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கியவர். நம் ஊரைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று பார்க்க, பள்ளிப் பிள்ளைக்குக்கூட ஒரு செல்போன் போதும்.

ஒரு தனிமனிதரின் சேமிப்பு

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்தவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமானபோது அந்தச் சேகரிப்பு சுமார் ஒரு லட்சத்தைத் தொட்டிருந்தது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை 1994-ல் வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது இன்றும் இயங்குகிறது.

போட்டோக்களுக்கும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட படங்களைத் தேடி, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கிடைத்த படங்கள், அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின்கீழ் டிஜிட்டல் ஆயின. வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் புதுமணத் தம்பதி, நாற்காலிக் கையைப் பிடித்தபடி முறைக்கும் குழந்தை என்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் அதே மாதிரிப் படங்கள்தான். ஆனால் எத்தனையோ பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் அதற்கு முன்பே கழுவப்பட்டு, வெறும் கண்ணாடியாகப் போய்விட்டன.

திருப்பூரின் பங்கு எங்கே?

திருப்பூர் குமரனை எல்லோருக்கும் தெரியும். சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் 1904-ல் பிறந்தார். 1932 ஜனவரி 10-ம் தேதி ஊர்வலத்தில் போலீஸ் தடியடி பட்டு விழுந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. அவர் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, தபால்தலையிலும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இந்த ஊரைக் கட்டிய ஆயிரக்கணக்கானவர்களின் கதை எதில் இருக்கிறது? உள்நாட்டுக்கு பனியன் தைத்த ஊர், 1970களின் கடைசியில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி தொடங்கி 'டாலர் சிட்டி' ஆனது. 1984-ல் பஞ்சப்படி கேட்டு நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் செக்கிங் டேபிளிலும் ஓவர்லாக் மெஷினிலும் வாழ்க்கையைக் கழித்தார்கள். ஒரு ஷிப்ட்டுக்கு என்ன கூலி, ரூம் வாடகை எவ்வளவு, தீபாவளி போனஸ் வந்ததா என்பதெல்லாம் ஊருக்குப் போட்ட இன்லேண்ட் லெட்டரில்தான் இருக்கிறது. ஏற்றுமதிக் கணக்கை அரசாங்கம் வைத்திருக்கும். இந்தக் கணக்கை வீடுகள்தான் வைத்திருக்க முடியும்.

இதில் அவசரமும் உண்டு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஆர்டர்கள் ஃபேக்ஸில் வந்தன. அன்றைய ஃபேக்ஸ் மெஷின்களில் பல, சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தாளில் அச்சடித்தவை. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அந்த எழுத்து மங்கிவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தாலும் ஆபத்துதான். 1932-ல் மையால் எழுதிய கடிதத்தைப் படித்துவிடலாம். 1992-ன் ஃபேக்ஸ் வெள்ளைத் தாளாகி இருக்கக்கூடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஃபேக்ஸ் தாள் இருந்தால் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள், அல்லது சாதாரண ஜெராக்ஸாவது எடுத்து வையுங்கள். கடிதங்களுக்கு 300 டிபிஐ அளவு போதும். சின்ன போட்டோக்களுக்கு 600 வைத்தால், பெரிதாக்கும்போது முகம் தெளிவாகத் தெரியும். கடிதத்தின் பின்பக்கத்தையும் உறையையும் விட்டுவிடாதீர்கள். தபால் முத்திரையில்தான் தேதியும் ஊரும் இருக்கும்.

கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்ட வேண்டாம். சில வருடங்களில் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது, அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. போட்டோவின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதாமல், பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.

ஸ்கேன் செய்ததை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று அனுப்புவது நல்லது. ஃபைலின் பெயரிலேயே வருடம், ஊர், யார் என்பதைச் சேர்த்துவிட்டால் தேடுவது எளிது.

ஒரே இடத்தில் வைப்பதும் தப்பு. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. டிஜிட்டல் என்றாலே சாகாவரம் என்றும் நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. அதனால் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என்று மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஸ்கேன் செய்தாகிவிட்டதே என்று அசலைத் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஊருக்குக் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. கடிதம் வந்த தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதை வெளியிடும் உரிமையோ எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. கடன், நோய், குடும்பச் சண்டை பற்றிய பக்கங்களைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்காமல் இணையத்தில் ஏற்றுவது நியாயமில்லை. பொதுவில் வைக்கத் தகுந்தவற்றை ரோஜா முத்தையா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களில் ஏற்றுக்கொள்வார்களா என்று விசாரிக்கலாம்.

எந்த ஸ்கேனராலும் முடியாத வேலை ஒன்று உண்டு. குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில், தாவணி போட்டுக்கொண்டு நிற்கும் பெண் யார் என்பதை அது சொல்லாது. அம்மிச்சிக்குத் தெரிந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை அவர் மடியில் வைத்து, ஒவ்வொரு முகமாகப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் அடுத்த வாரம்கூடச் செய்துகொள்ளலாம்.