வீட்டின் நீளத்தை மட்டும் அளக்காதீர்கள்: கும்பகோணத்துக்கு ஒரு மடல்

கும்பகோணத்துச் சொந்தங்களுக்கு,

மாசசூசெட்ஸிலிருந்து எழுதுகிறேன். நம் ஊர்ப் பெரியவர்களின் வீட்டு வரியைப் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும்.

2022-இல் தமிழக அரசு சொத்து வரியைச் சீரமைத்தது. நம்முடையது போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதமும் வரி ஏறியது. பெரிய வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்டட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று தாத்தா காலத்தில் கொல்லை வரை நீளமாகக் கட்டிய வீடுகள். கூட்டுக் குடும்பம் புழங்கிய அந்த இடத்தில், இன்று குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். ஓடு மாற்றப் பணமில்லாமல் பின்கட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். வரிக் கணக்கில் அந்தப் பூட்டிய கட்டும் சேர்த்திதான்.

தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள், அங்கேயே நிற்கிறது. வரி மட்டும் ஆண்டுதோறும் 6 சதவீதமாவது உயர 2023-ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. கையில் பணம் தயாராக இருப்பவருக்கே அது கிடைக்கிறது.

நான் வாழும் மாநிலத்தில் இதே சிக்கலுக்கு 2001 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது. ‘சர்க்யூட் பிரேக்கர்’ என்பார்கள். 65 வயது நிரம்பியவரின் சொத்து வரி, அவருடைய ஆண்டு வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையை ஓர் உச்சவரம்பு வரை மாநில அரசு திருப்பித் தருகிறது. தண்ணீர், கழிவுநீர்க் கட்டணத்தில் பாதியையும் வரியோடு சேர்த்தே கணக்கிடுகிறார்கள். 30,000 டாலர் வருமானத்தில் 5,000 டாலர் வரி கட்டியவருக்கு 2,000 டாலர் திரும்ப வரும். வருமானத்துக்கும் வீட்டு மதிப்புக்கும் வரம்பு உண்டு. 2024-இல் தனி ஆளுக்கு 72,000 டாலர் வருமானம் வரை. வாடகைக்கு இருக்கும் முதியவர்களுக்கும் உண்டு, வாடகையில் கால் பங்கை வரி என்று கொள்கிறார்கள்.

இதில் நான் மிகவும் மதிப்பது, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். திருப்பித் தருவது மாநிலக் கருவூலம். உள்ளாட்சிக்கு ஒரு காசு குறைவதில்லை. பள்ளிக்கும் சாலைக்கும் வர வேண்டியது வந்துவிடுகிறது. நம் மாநகராட்சிக்கும் குப்பை அள்ள, தெருவிளக்கு போட, சாக்கடை தூர்வார வரிதான் ஆதாரம். அதன் கையிலிருந்து பிடுங்கிச் சலுகை கொடுக்கச் சொன்னால், பாட்டி வீட்டு வாசலில்தான் குப்பை தேங்கும். ஆகவே கோரிக்கை சென்னைக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் நடப்பதெல்லாம் இங்கே நடக்குமா என்று கேட்பீர்கள். டெல்லி மாநகராட்சி, மூத்த குடிமக்கள் தாம் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, பரப்பளவு வரம்போடு, 30 சதவீதத் தள்ளுபடி தருகிறது. நல்ல காரியம். ஆனாலும் வயதை மட்டும் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. கை நிறைய ஓய்வூதியம் வாங்குபவருக்கும், மாதக் கடைசியில் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுபவருக்கும் ஒரே தள்ளுபடி எப்படிச் சரியாகும்? வருமானத்தைப் பார்க்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் ஏற்பாட்டில் உள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். வருமான வரியே கட்ட வேண்டாதவரும் இந்தத் தொகைக்காகக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அது தெரியாமல் விட்டுவிடும் முதியவர்கள் உண்டு. நம் ஊரில் இதற்கென்று தனியாக வருமானச் சான்று கேட்டால், வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் அலைந்தே பாதிப் பேர் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். ஓய்வூதியப் புத்தகமோ ரேஷன் அட்டையோ காட்டினால் போதும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

எங்களைப் போல வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வரி எப்படியாவது கட்டப்பட்டுவிடும். யாரும் இல்லாத வீடுகளுக்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் கிளம்புங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் வரிச்சீட்டு, பரப்பளவு, மாத வருமானம் மூன்றையும், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கவுன்சிலரிடம் ஒரு பிரதி கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் இன்னொன்று கொடுத்து, நகராட்சி நிர்வாகத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைப் பேசச் சொல்லுங்கள். தட்டச்சு செய்து, கணக்குப் போட்டு, மனுவாக எழுதித் தரும் வேலையை நானும் இங்குள்ள நம் ஊர் நண்பர்களும் ஏற்கிறோம். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை