அலைவரிச் செம்மரமும் குடியானவர் ஆசையும்

ஆந்திர எல்லையை அடுத்த திருவாலங்காட்டுப் பகுதியில் செம்மரம் பயிரிட எண்ணும் குடியானவர்கள், அலைவரி மரத்தின் விலையைக் கேட்டு ஆசை கொள்வது இயல்பே. அவ்விலைக்குரிய காரணங்களை அறிந்த பின்னர்க் குழி வெட்டுதல் நன்று.

செஞ்சந்தனம் என்றும் வழங்கும் இம்மரத்தின் தாய்க்காடு சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா முதலிய மலைகளும் அவற்றை அடுத்த சில இடங்களுமே. வறண்ட கல்நிலத்தில் மெல்ல வளர்ந்து, பல பத்தாண்டுகள் சென்ற பின்னரே சிவந்த வைரம் பருக்கும். பெரும்பாலான மரங்களில் நார் நேராக ஓடும். மிகச் சிலவற்றிலேயே அலைபோல் நெளியும். அத்தகைய மரத்தை இழைத்தால் ஒளி மாறி மாறிப் பட்டு, பரப்பு அசைவதுபோல் தோன்றும். ஜப்பானியர் தம் ஷாமிசென் வாத்தியத்தின் கழுத்திற்கு இதனை உயர்ந்ததாகக் கொள்வர்.

நின்ற மரத்தின் பட்டையையும் வெளிற்றையும் கண்டு உள்ளிருக்கும் வரியை உறுதியாகக் கூற இயலாது. அலைவரி மரத்தின் வித்திலிருந்து எழும் கன்றுகள் யாவும் அவ்வாறே ஆகும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே, அலைவரிக் கன்று என்று கூறி அதிக விலை கேட்பாரிடம் ஏமாறலாகாது.

இவ்வருமையே கள்ள வெட்டையும் வளர்த்தது. 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் போலீஸாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மரத்தின் பெருவிலை வேறொருவர் கைக்குச் செல்ல, கூலிக்குச் சென்றவர் உயிர் இழந்தனர். இத்தகைய கூலிக்கு ஆள் திரட்டுவோர் ஊருக்குள் வந்தால், கிராம அலுவலர்களும் ஊர்ப் பெரியோரும் ஏழைகளை முன்கூட்டியே எச்சரிப்பது கடமையாகும்.

செம்மர வாணிபம் 1995-ஆம் வருஷம் முதல் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. பட்டா நிலத்தில் வளர்த்த மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-இல் மத்திய சர்க்கார் வழி திறந்தது. எனினும், அதனை வெட்டவும் கொண்டு செல்லவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். எனவே, நட்ட மரங்களை அடங்கலில் பதியச் செய்தல் உரியவர்க்குப் பிற்காலத்தில் பெருந்துணையாகும்.

செம்மரம் வேண்டா என்பது எமது கருத்தன்று. நீர் தேங்காத மேட்டுநிலத்திலும் வேலியோரத்திலும் நடுக; நெல்லும் கரும்பும் விளையும் நஞ்சையை அதற்கென விட்டுவிட வேண்டா. நேர்வரி மரத்தின் வரும்படியையே கணக்கிட்டு நடுவதே விவேகம். அலைவரி வாய்த்தால் அது பேரனுக்குக் கிடைக்கும் அதிர்ஷ்டம். அதனை நம்பி இன்றே கடன் வாங்குதல் தகாது.