நூற்றுக்கு ஆறு பேர்

ஷிப்டு முடிந்து வந்த தோழர் ஒருவர் ஆலை வாயில் டீக்கடையில் நம்மைப் பிடித்துக்கொண்டார். ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். மகள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்திருக்கிறாள். மூன்று தடவை "நெட்" பரீட்சை எழுதிவிட்டாள். மூன்று தடவையும் கிடைக்கவில்லை. நாலாவது தடவைக்கு மனுப் போட வேண்டும் என்கிறாள். வீட்டில் அதற்கு எதிராகப் பேச்சு எழுந்துவிட்டது.

"ஏனுங்க தோழர், வெள்ளைக்காரன் பாட்டையும் கூத்தையும் இன்னும் எத்தனை வருஷத்துக்குப் படிக்கிறதுங்க? பனியன் கம்பெனிக்குப் போனாலும் வாரம் முடிஞ்சாக் கூலி வருமல்லங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. இருபத்தெட்டு வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. ஆனால் டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

காலேஜில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க எம்.ஏ. பட்டம் மட்டும் போதாது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு மனுப் போட வேண்டுமானால் தேசியத் தகுதிப் பரீட்சையான நெட், அல்லது மாநிலத்தின் செட், இரண்டில் ஒன்றில் தேற வேண்டும் என்று 2023-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதியைத் திருத்தியது. நெட் பரீட்சை 1989 முதல் நடக்கிறது. 2018 டிசம்பரிலிருந்து அதை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மார்க். இதில் 50 கேள்வி எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாள். மீதி 100 அவரவர் பாடம். கட்டுரை கிடையாது, நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டியதுதான்.

தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. நாம் படித்த காலத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. பொதுப் பிரிவினர் 40 சதவீதமும், பிற்பட்டோர், ஷெட்யூல்டு வகுப்பினர் முதலானோர் 35 சதவீதமும் வாங்கினால் வரிசையில் நிற்கத்தான் அனுமதி. பரீட்சை எழுதியவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கே "தேறினார்" என்ற சீட்டு. அந்த ஆறும் இட ஒதுக்கீட்டின்படி பங்கு வைக்கப்படுகிறது. எல்லாரும் நன்றாக எழுதினாலும் ஆறு. எல்லாரும் மோசமாக எழுதினாலும் ஆறு. எவ்வளவு நூல் நூற்றாலும் நூறு பேரில் ஆறு பேருக்குத்தான் முழுக் கூலி என்று ஒரு ஆலையில் நோட்டீஸ் ஒட்டினால் நாம் சும்மா இருப்போமா?

ஆகவே மூன்று தடவை தவறிய பெண்ணைப் "படிப்பு ஏறாதவள்" என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். தொண்ணூற்று நாலு பேரைத் திருப்பி அனுப்பவே செய்த கணக்கில் அவள் அகப்பட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 18-ம் தேதி நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பரீட்சையை எழுதினார்கள். மறுநாளே அது ரத்து என்று மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்தது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை திரும்ப நடத்தினார்கள். வினாத்தாள் வெளியானதாகச் சுற்றிய படம் போலியாகத் திருத்தப்பட்டது என்று சி.பி.ஐ. விசாரணையில் தெரிந்ததாகப் பின்னால் செய்தி வந்தது. ஒரு போலிப் படத்தை நம்பி ஒன்பது லட்சம் பேரின் உழைப்பைக் குப்பையில் போட்டார்கள்! நம் தோழரின் மகளும் அதில் ஒருத்தி. அன்றைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து, வேற்றூர் மையத்தில் போய் எழுதிவிட்டு வந்தாள். பறிபோன ஒரு நாள் கூலியையும் பஸ் சார்ஜையும் அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. அந்த வருஷம் மனுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், பிற்பட்டோருக்கு 600, ஷெட்யூல்டு வகுப்பினருக்கு 325. டில்லியில் இது சில்லறைக் காசாக இருக்கலாம். களை எடுக்கப் போகிற தாய்க்கு அதுவே சில நாள் கூலி.

சரி, வெள்ளைக்காரன் பாட்டும் கூத்தும் நமக்கு எதற்கு?

1835-ல் மெக்காலே என்ற துரை ஒரு குறிப்பு எழுதி, கம்பெனி சர்க்கார் கல்விக்குச் செலவிடும் பணம் ஆங்கிலப் படிப்புக்கே போக வேண்டும் என்றார். தமக்கும் ஜனங்களுக்கும் நடுவே நிற்க ஒரு தரகர் கூட்டம் வேண்டும் என்பது அவர் எண்ணம். இந்தச் சங்கதியே நெட் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி: இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாறு. ஆகவே ஆங்கிலம் துரைத்தனத்தின் கருவியாக வந்தது என்பதில் சந்தேகமில்லை.

கதையின் மறுபாதி நம் தோழர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. ஆங்கிலேயன் தன் நாட்டில் ஆங்கில இலக்கியத்தை யாருக்குச் சொல்லிக்கொடுத்தான்? ஆக்ஸ்போர்டு சீமான்கள் கிரேக்கமும் லத்தீனும்தான் படிப்பு என்று இருந்தார்கள். ஆங்கில இலக்கியம் அவர்களுக்கு இளக்காரம். தொழிலாளிகளுக்கான மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டுகளிலும், 1854-ல் லண்டனில் துவங்கிய உழைப்பாளர் கல்லூரியிலும், மாலை வேளையில் பட்டறைக் கரியைக் கழுவிவிட்டு வந்தவர்கள் அதைப் படித்தார்கள். ஆக்ஸ்போர்டில் அதற்குத் தனிப் பட்டப் படிப்பு வந்தது அதற்குப் பின் ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து. தொழிலாளி படித்த பாடம் சீமான் வீட்டுச் சொத்தான கதை இது. அதைப் படிக்க நமக்கு உரிமை உண்டா என்று வேறு யாராவது கேட்கட்டும், நாமே கேட்டுக்கொள்வானேன்?

அந்த இலக்கியத்துக்குள் இருப்பவர்கள் யார்? ஜான் கிளேர் என்ற கவி கதிரடிக்கும் கூலியாளின் மகன். தானும் வயலில் வேலை செய்தவன். ஊர்ப் பொது நிலத்தை வேலி போட்டுப் பெரிய மனிதர்கள் வளைத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்து எழுதியவன். எலிசபெத் காஸ்கெல் அம்மையார் 1848-ல் "மேரி பார்ட்டன்" நாவலில் மாஞ்செஸ்டர் ஆலைத் தொழிலாளியின் பட்டினியை எழுதினார். 1853-ல் பிரெஸ்டன் நகரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் முன்பு வெட்டப்பட்ட பத்து சதவீதக் கூலியைத் திருப்பிக் கேட்டார்கள். முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தை 1854 ஜனவரியில் டிக்கன்ஸ் நேரில் போய்ப் பார்த்தார். அதே வருஷம் தம் வாரப் பத்திரிகையில் "ஹார்டு டைம்ஸ்" என்ற நாவலைத் தொடராக எழுதினார். அதில் வரும் ஸ்டீபன் பிளாக்பூல் தறி ஓட்டுகிறவன். சங்கத் தலைவனை மட்டும் டிக்கன்ஸ் வெறும் வாய்ச்சவடால் பேர்வழியாக ஆக்கிவிட்டார். அதில் அவரோடு நமக்குச் சண்டை உண்டு.

அந்த நாவலின் தொடக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி. சர்க்கஸ் குதிரைகளோடு வளர்ந்த ஒரு சிறுமியிடம் குதிரை என்றால் என்ன என்று கேட்கிறார்கள். அவளுக்கு இலக்கணமாகச் சொல்ல வரவில்லை. குதிரைக்குப் பல் எத்தனை என்று கணக்கு ஒப்பித்த பையன் கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான். மனிதனை வெறும் தகவல் மூட்டையாக ஆக்குவதைச் சாட எழுதப்பட்ட புத்தகம் அது. நெட் பரீட்சையில் அந்தப் புத்தகமே எப்படி வரும்? "மேரி பார்ட்டன்", "ஹார்டு டைம்ஸ்", "நார்த் அண்டு சவுத்" இவற்றை வெளிவந்த வரிசைப்படி அடுக்குக. இப்படித்தான். ஆலைத் தொழிலாளியின் மகளுக்கு அந்தக் கதை தன் வீட்டுக் கதை. அவளைக் கேட்பதோ வருஷ வரிசை!

ஆனால் வருஷ வரிசையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். அந்தப் பெண்ணிடம் நாம் சொன்னது இது. பட்டியலை நெட்டுருப் போடாதே, மறந்துபோகும். ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி நடந்ததைச் சேர்த்துப் பார். 1854 என்று எடுத்தால் பிரெஸ்டன் போராட்டம், "ஹார்டு டைம்ஸ்", லண்டன் உழைப்பாளர் கல்லூரி, இந்தியாவின் கல்விக்காக சார்லஸ் வுட் அனுப்பிய அறிக்கை, பம்பாயின் முதல் பஞ்சாலைக் கம்பெனி, எல்லாம் ஒரே வருஷம். அதிலிருந்து மூன்று வருஷம் தள்ளினால் 1857. சிப்பாய்களின் எழுச்சி, சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள். இப்படி முடிச்சுப் போட்டால் எந்த வரிசையிலும் ஒரு நூல் கைக்கு அகப்படும்.

பாடத் தாளில் பத்துப் பகுதி. நாடகம், கவிதை, நாவல், உரைநடை முதல் நாலு. பிறகு மொழியும் அதைக் கற்பிக்கும் முறையும், இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, இலக்கிய விமர்சனம், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்த கோட்பாடுகள், ஆராய்ச்சி முறை. எம்.ஏ. வகுப்பில் ஷேக்ஸ்பியரில் மாதக்கணக்காக நின்றுவிட்டு, கோட்பாட்டையும் ஆராய்ச்சி முறையையும் கடைசி வாரத்தில் ஓட்டிவிடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. நம் பிள்ளைகள் விழுகிற பள்ளம் அங்கேதான். ஆப்ராம்ஸ் எழுதிய இலக்கியச் சொல்லகராதியும் பீட்டர் பாரியின் கோட்பாட்டு அறிமுக நூலும் வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் கேளுங்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவை பொதுச் சொத்து; சாயங்காலம் வரை உட்கார்ந்து படிக்க நமக்கு இல்லாத உரிமையா? பழைய நாவலும் நாடகமும் காப்புரிமை தீர்ந்தவை. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்களும் அப்படியே. கோச்சிங் கடைக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுப்பதில் பாதி இந்த இலவசச் சரக்குதான். ஒன்றை மறக்க வேண்டாம்: இதில் தப்பு விடைக்கு மார்க் வெட்டு இல்லை. ஒரு கேள்வியையும் விடாமல் தொட வேண்டும்.

முதல் தாளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். முந்நூறில் நூறு மார்க் அதில் இருக்கிறது. அட்டவணையைப் பார்த்துச் சதவீதம் கணக்கிடும் கேள்விகள் அதில் வரும். புள்ளி ஏறினால் பஞ்சப்படி எவ்வளவு ஏறும் என்று விரல்விட்டு எண்ணுகிற நம் தோழர்கள் இதை மகளுக்குத் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். இந்தியத் தருக்க சாஸ்திரத்தின் அளவைகளும் வரும். மணிமேகலை படித்தவர்களுக்கு அவை புதிதல்ல.

அந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது என்பது தனி அநியாயம். ஆங்கிலம் படித்த பெண்ணுக்கு இது பெரிய தடையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். தமிழில் சரித்திரமும் பொருளாதாரமும் படித்த பையன்தான் இதில் அடிபடுகிறான். இந்திக்காரப் பையனுக்குத் தாய்மொழியில் கேள்வி. இவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

பரீட்சையையே ஒழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சிபாரிசுக் கடிதமும் சாதிப் பெயரும் கேட்காத ஒரு வாசல் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். நன்கொடை என்ற பெயரில் லட்சங்களை எதிர்பார்க்கும் நிர்வாகத்தின் முன்னால் நெட் சீட்டு ஒன்றாவது அவள் கையில் இருக்கட்டும். மேல் வரிசையில் வந்தால் ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருஷம் சலுகை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை. ஆகையால் "வயதாகிவிட்டது, கலியாணத்தைப் பார்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

தேறிய பிறகு வேலை எங்கே என்று தோழர் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சர்க்கார். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களை எடுப்பதாக 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க இருந்த பரீட்சை தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் மறு அறிவிப்பு வந்தபோது எண்ணிக்கை 2,708 ஆகச் சுருங்கியிருந்தது. மாநில செட் பரீட்சை 2018-க்குப் பின் 2025 மார்ச்சில்தான் நடந்தது. நடுவில் ஏழு வருஷம்! இடைப்பட்ட காலத்தில் வகுப்பை ஓட்டியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் கௌரவம், சம்பளத்தில் இல்லை. முழுநாள் பாடம் எடுத்தவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் என்று இருந்து, பிறகு 25,000 ஆக்கினார்கள். மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-லேயே எழுதியிருக்கிறது. ஆலையில் பதிலித் தொழிலாளியை வருஷக்கணக்காக நிரந்தரம் செய்யாமல் வைத்திருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காலியிடங்களை நிரப்பு, செட் பரீட்சையை வருஷந்தோறும் நடத்து, முதல் தாளைத் தமிழில் கொடு, ரத்தான பரீட்சைக்குப் போய் வந்தவர்களுக்குச் செலவுத் தொகை கொடு என்று கேட்பது படித்தவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமல்ல.

தோழரின் மகள் நாலாவது தடவைக்கு மனுப் போட்டுவிட்டாள். கட்டணத்தை அவளே டியூஷன் எடுத்துச் சேர்த்தாள். இரவு ஷிப்டு முடிந்து அப்பா பகலில் தூங்கும் ஒற்றை அறை வீட்டில் அவளுக்கு வாய்விட்டுப் படிக்க இடமில்லை. சங்க ஆபீசின் பின் அறை சாயங்காலம் நாலு மணி வரை காலியாகத்தான் கிடக்கிறது. மேஜையும் விளக்கும் இருக்கின்றன. சாவி ஆபீஸ் தோழரிடம் உண்டு. இந்த வட்டாரத்தில் இதே பரீட்சைக்குப் படிக்கும் வேறு பிள்ளைகள் இருந்தாலும் திங்கட்கிழமை முதல் வரட்டும். பழைய வினாத்தாள்கள் ஒரு கட்டு அங்கே வைத்திருக்கிறோம்.