ஒரு நாள் மழையும் ஊரின் சீதோஷ்ணமும்

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய பெஞ்சல் புயல், வழக்கம்போல் விரைந்து செல்லாமல் வெகுநேரம் அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் மாலை அண்ணாமலையார் மலைச் சரிவு இடிந்து, அடிவாரத்தில் ஒரு வீட்டிலிருந்த ஏழு பேர் மாண்டனர். அதற்கடுத்த விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் விடப்பட்டது. அது முதல், "நம் பக்கத்துச் சீதோஷ்ணமே மாறிவிட்டது, இனிக் கார்த்திகைதோறும் இப்படித்தான்" என்று கிராமங்களில் சொல்லக் கேட்கிறேன். ஆடியில் பதினைந்து நாள் மழை தவறினாலோ, "இச்சீமையில் இனி மழையே கிடையாது" என்பவர்களும் அவர்களே.

இவ்விரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்த பேச்சுக்கள். காலையில் வெயில், மாலையில் இடி, மறுநாள் மூடுபனி என்பது வானிலை. முப்பது வருஷக் குறிப்புக்களைக் கூட்டிப் பார்த்து, இவ்வூரில் எந்த மாதம் எவ்வளவு மழையும் உஷ்ணமும் எதிர்பார்க்கலாம் என்று சொல்வதே சீதோஷ்ண நிலை. முன்னது அன்றாடச் செலவு. பின்னது குடும்பத்தின் ஆஸ்தி. உலகம் வெப்பமடைந்து வருவதும், ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் காற்று சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியைத் தாங்குவதால் பெருமழை வலுப்பதும் மெய்யே. ஆனால் அதனை நிலைநாட்டியது பல்லாண்டுக் கணக்கேயன்றி ஒரு புயலன்று.

நமது ஜில்லாவுக்கு இரு பருவங்களிலும் மழை உண்டு. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பாலான நீரை இறக்கிவிட்டே இங்கு வருகிறது. எனினும் பகலில் நிலம் காய்ந்து, சூடேறிய காற்று மேலெழுந்து குளிர்ந்து, மாலையில் இடிமழையாக விழுகின்றது. இம்மழை செங்கத்தில் கொட்டும்போதே கீழ்பென்னாத்தூரில் புழுதி பறக்கலாம். மலைக்கு ஒருபுறம் நனைந்து மறுபுறம் உலர்ந்திருப்பதைக் கிரிவலம் வருவோர் கண்டிருப்பர். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவ மழையோ, வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உண்டாகுங்கால் பல தாலுகாக்களிலும் பரந்து பெய்யும்.

மானாவாரியில் மணிலாப் பயிரிடுவோர்க்கு இது ஏட்டுக் கல்வியன்று. ஒரு மாலை இடிமழையை நம்பி விதைத்து, பின்னர் வானம் பொய்த்து, விதைப் பருப்பின் விலையையும் இழந்தவர்களை நான் அறிவேன். முளைத்த பயிரும் பூத்து விழுது இறங்கும் சமயத்தில் மண் காய்ந்திருப்பின் சரிவரக் காய் பிடிக்காது. வருஷ மழை சராசரியைத் தாண்டியிருந்தும் பயனில்லை. தாலுகாவின் மொத்த மழையைப் பார்த்து 'நல்ல வருஷம்' என்று அறிக்கை எழுதும் உத்தியோகஸ்தர்கள் இதனைக் கவனிப்பதில்லை. நானும் அவ்வாறு எழுதியவனே.

ஆகவே கிராமந்தோறும் ஒரு மழைமானி வேண்டுமென்பது என் அபிப்பிராயம். முன்னறிவிப்புத்தான் கைப்பேசியிலேயே வருகிறதே என்பார் உளர். அது வரப்போவதைச் சொல்லும். உங்கள் ஏரியின் ஆயக்கட்டில் பெய்தது எவ்வளவென்று சொல்லாது. ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் நீராகும். இதனை அறிந்தவர் பம்புசெட்டை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்பதையும் ஒருவாறு அறிவார்.

கருவியைத் திறந்த வெளியில், மரத்தினின்றும் கட்டடத்தினின்றும் அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கேனும் விலக்கி நாட்ட வேண்டும். தினமும் காலை 8-30 மணிக்கு அளந்தால் முன் 24 மணி நேர மழை கிடைக்கும். அடங்கல் எழுதும் கிராம நிர்வாக அலுவலர் இதற்கென ஒரு நோட்டையும் வைத்துக்கொள்வது பெரிய பாரமன்று. மழையில்லாத நாளுக்குச் சைபர் போட வேண்டும். இடத்தைக் காலியாக விட்டால், அன்று மழை பெய்யவில்லையா, அளப்பவர் வரவில்லையா என்பது இருபது வருஷம் கழித்துப் புரட்டிப் பார்ப்பவருக்கு விளங்காது.