தென்காசியின் பாடம்

2007 ஆகஸ்டில் தென்காசியில் இந்து, முஸ்லிம் தரப்புகளிடையே நடந்த மோதல் ஆறு உயிர்களைப் பறித்தது. 2008 ஜனவரியில் அங்கே ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தது. கைதானவர்களோ இந்து அமைப்பினர். பழியை முஸ்லிம்கள் மீது போட்டுக் கலவரம் மூட்டுவதே நோக்கம் என்றது காவல்துறை. விசாரணை முந்திக்கொண்டதால் ஊர் தப்பியது.

இன்று அப்படியொரு பொய், அருகிலுள்ள ஐந்தருவியில் குளித்தவர் தலை துவட்டுவதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவிடும். ஆபத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை: 2022 கோவை கார் வெடிப்பில் ஐ.எஸ். சித்தாந்தத்தின் பிடியைச் சுட்டியது என்.ஐ.ஏ.

வெறுப்பு எந்த மதத்தின் பெயரில் வந்தாலும் வழக்கு ஒன்றுபோல் பாய வேண்டும். பதற்றம் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மாவட்டக் காவல்துறை உண்மை நிலவரத்தை வெளியிட வேண்டும். இரு சமயத்தாரும் கூடும் பொட்டல்புதூர் தர்கா உள்ள மாவட்டம் தென்காசி. அந்த ஒற்றுமையைக் காக்கும் அமைதிக் குழுக்களில் இளைஞர்களுக்கும் இடம் கொடுங்கள்.