கூட்டம் தெரியும், குலதெய்வம் தெரியும். தாத்தா எதில் செத்தார்?

கொஞ்சம் நீளமான பதிவு. முன்னாள் மாணவர்கள் தைரியமாகப் படிக்கலாம், பரீட்சை வைக்க மாட்டேன்.

நம் கொங்குப் பக்கம் யாரைக் கேட்டாலும் கூட்டம், காணி, குலதெய்வக் கோயில், அமுச்சி ஊர், அப்பிச்சி பேர் எல்லாம் தடுமாறாமல் சொல்வார்கள். போன வருடம் என் அண்ணன் மகனுக்கு மூச்சு வாங்குகிறது என்று கோவையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். "உங்க வீட்டுல யாராச்சும் சின்ன வயசுல இதயக் கோளாறுல இறந்திருக்காங்களா சார்?" என்றார். 33 வருடம் அறிவியல் சொல்லிக் கொடுத்தவன், எனக்கு வாய் வரவில்லை.

தெரியாமல் இல்லை. அப்பாரு தோட்டத்தில் தண்ணி கட்டும்போது சாய்ந்தார், ஐம்பதுகூட ஆகவில்லை. 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு' என்று முடித்துவிட்டார்கள். அண்ணன் 51-ல் போனார். இதயம் பெருத்திருக்கிறது என்று வந்த அவருடைய எக்கோ ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டியது நான். "பொண்ணு கல்யாணம் முடியட்டுங்க அண்ணி, இப்ப வெளிய தெரிய வேண்டாம்" என்று சொன்னதும் நான்தான். கல்யாணம் முடிந்து ஒன்பது வருடம் ஆயிற்று, பீரோவைத் திறக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்திருக்கலாம். பெண்ணுக்கு இப்போது பார்த்தோம், கோளாறு இல்லை. பையன் 38 வயதில் மாத்திரையில் இருக்கிறான்.

2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. முதல் ஆசிரியர் பெருந்துறை தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காரர் (பேரில் பெருந்துறையைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்). ஹைதராபாத் சிசிஎம்பி-யின் தங்கராஜ் போன்றவர்களும் அதில் இருந்தார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பது, நூறு இந்தியர்களில் ஏறக்குறைய நான்கு பேரிடம் இருப்பதைக் கண்டார்கள். இருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆபத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது. எங்கள் வீட்டுக் கோளாறு இதுதானா என்பதும் சோதித்தால்தான் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. அந்த நான்கு பேர் கணக்கு கிடைக்க 107 சமூகங்களைச் சேர்ந்த 6,273 பேரின் ரத்தம் தேவைப்பட்டது. யாரோ முகம் தெரியாதவர்கள் கை நீட்டியிருக்கிறார்கள்.

நாம் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள் வேறு. வெளிநாட்டார் ரத்தத்தைப் பார்த்து எழுதியதெல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது. நம் கணக்கை நாம்தான் கொடுக்க வேண்டும்.

"ரத்தத்தை எடுத்து வித்துருவாங்க மாமா" என்கிறான் தங்கை மகன். பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஒரு இடத்தில் ஆங்கிலப் படிவத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்க சார், எல்லாரும் போடறாங்க" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். இன்னோர் இடத்தில் தமிழில் கொடுத்தார்கள். உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ரத்தம் எங்கே இருக்கும், பேர் வெளியே போகுமா, முடிவை எனக்குச் சொல்வீர்களா என்று கேட்டேன். பதில் சொன்ன பிறகுதான் கையெழுத்து. நமக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சை பாதிக்கக் கூடாது என்பதெல்லாம் 2017-ல் ஐசிஎம்ஆர் வெளியிட்ட நெறிமுறையிலேயே இருக்கிறது. அவர்கள் செய்யும் தயவு அல்ல.

ஜாதகம் கேட்கும் வீட்டில் இதைப் பேசினால் சம்பந்தம் தட்டிப் போகும் என்பீர்கள். போகலாம். எனக்கும் அதே பயம்தான் இருந்தது, பலன் மேலே எழுதியிருக்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் எங்கள் குடும்பத்தை எழுத ஆரம்பித்திருக்கிறேன். பேர், எந்த வயதில் போனார், எப்படிப் போனார். ஆத்தா வழியில் பதினொரு பேருக்குக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. அதெல்லாம் தெரிந்தவர் பல்லடத்தில் இருக்கும் பெரிய அத்தை ஒருவர்தான். அவருக்கு 86 வயது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.