படம் எடுப்போம், பாடுபடுத்த வேண்டாம்



பெருநாள் லீவு முடிந்ததும் நமது ஊர்க்காரர்களின் பேஸ்புக் பக்கங்கள் யானையும் மயிலும் மானுமாக நிறைந்துவிடுகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. குடும்பத்தோடு ஒரு நாள் காட்டுப் பக்கம் போய், அவசரமில்லாமல் இருந்து, பிள்ளைகளுக்கு நாலு மிருகங்களைக் காட்டி, படம் பிடித்துக்கொண்டு வருவது நல்ல பழக்கம்தான். நாமும் போகிறவர்கள்தான். அதனால் போகவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போய் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

நமக்குக் கிட்ட இருக்கிற இடங்களையே எடுப்போம். லஹுகல பூங்கா மிகச் சிறியது, 1,554 ஹெக்டெயர்தான். ஆனால் வறட்சிக் காலத்தில் குளத்துப் புல்லுக்காக யானைகள் கூட்டமாக வந்து சேருகிற இடம். பொத்துவில் – மொணராகலை வீதி அதை ஒட்டியே போகிறது. டிக்கட் எடுக்காமலே வீதியில் நின்று யானை பார்க்கலாம். அதுதான் நமக்கு வசதி, அதுதான் பிரச்சினையும்.

வான் நிற்கிறது. ஹோன் அடிக்கிறார்கள். யானை திரும்பிப் பார்க்கவேண்டும், அப்போதுதான் முகம் தெரியுமாம். அது வரவில்லை என்றால் பாண் துண்டு, வாழைப்பழம், பிஸ்கட் பறக்கிறது. கிட்ட வந்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு செல்பி.

“வருசத்துக்கு ஒரு தடவை போறம், ஒரு துண்டுப் பாணில என்ன வந்திடப் போகுது?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வருடத்தில் ஒரு தடவை. லீவு நாளில் அந்த வீதியால் எத்தனை வான் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். யானை புத்தியுள்ள மிருகம். வீதிக்கு வந்தால் தீனி கிடைக்கும் என்று சீக்கிரமே படித்துக்கொள்கிறது. புத்தளை – கதிர்காமம் வீதியில் வாகனங்களை மறித்துத் தீனி கேட்கும் யானைகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவையும் இப்படித்தான் பழகின.

நாம் பாணைப் போட்டுவிட்டு வானில் ஏறி வந்துவிடுகிறோம். இருட்டினபிறகு அதே வீதியால் சைக்கிளில், மோட்டார் சைக்கிளில் வருகிறவன் வயல்காரன். அவனிடம் பாண் இல்லை. யானை வெடியும் யானை வேலியுமாக வேளாண்மையைக் காப்பாற்ற அம்பாறை மாவட்டத்து விவசாயி படுகிற பாடு நமக்குத் தெரியாததல்ல. “மனிசனை விட யானையா பெரிசு?” என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். யானைக்காக மட்டும் பேசவில்லை, அந்த மனிதனுக்காகவும்தான் பேசுகிறோம்.

அடுத்தது சாப்பாட்டுப் பார்சல். லஞ்ச் ஷீற், யோகட் கப், சொப்பின் பை எல்லாம் மரத்தடியில் கிடக்கிறது. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை நாம் மறந்துவிடக்கூடாது. நமது பக்கத்து ஊர்களின் குப்பையைத் தின்று, எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே இறந்ததாக 2022 ஜனவரியில் வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தது. செத்த யானையின் வயிற்றில் இருந்தது பொலித்தீனும் சாப்பாடு சுற்றிய தாளும். லஹுகலயில் யானையைப் படம் பிடித்துப் போடுகிற நாம், பள்ளக்காட்டு யானையின் படத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும்.

இனி குமண. நம் மூத்தவர்கள் கூமுனை என்று சொல்வார்கள். 1938இலேயே பறவைகள் சரணாலயமான இடம். 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். அப்படித் திரும்பக் கிடைத்த இடம் அது.

குமண வில்லுவைச் சுற்றிய கண்டல் மரங்களில் நீர்ப்பறவைகள் கூடுகட்டுவது மே, ஜூன் மாதங்களில். இந்த வருடங்களில் ஹஜ்ஜுப் பெருநாள் வருவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அதாவது நாம் கூட்டமாகப் போகும் நேரம், அங்கே முட்டையும் குஞ்சும் இருக்கும் நேரம். கூட்டமாகப் பறந்தால் படம் வடிவாக வரும் என்று கை தட்டுவதும் சத்தம் போடுவதும், அனுமதியில்லாமல் ட்ரோன் விடுவதும் எவ்வளவு பெரிய அநியாயம்! தாய்ப்பறவை எழும்பிய கொஞ்ச நேரத்தில் குஞ்சு வெயிலில் வாடும், காகமும் பருந்தும் கூட்டுக்குள் இறங்கிவிடும். குஞ்சுகளை எடுத்துவிட்டதால் தவித்துச் சிறகடித்த பறவைக்காக, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் ஹதீஸை நம் பிள்ளைகள் மத்ரசாவில் படிக்கிறார்கள். படித்ததைச் செய்துகாட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஜீப் சாரதிகளையும் கொஞ்சம் யோசிப்போம். “காக்கா, இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்க” என்று கெஞ்சுவது நாம். புலியைக் காட்டினால் மேலதிகமாகக் காசு கொடுப்பதும் நாம். பிறகு யாலயில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து, “சாரதிமார் சரியில்லை” என்கிறோம். ஏறும்போதே, “ஓடித் துரத்தத் தேவையில்லை, கண்டதைப் பார்த்தால் போதும்” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அவரும் ஆறுதலாக ஓட்டுவார்.

நல்ல படத்துக்குப் பெரிய கெமராவும் தேவையில்லை. காலையில் நேரத்தோடு போங்கள், வெளிச்சமும் நல்லது, மிருகங்களும் வெளியே நிற்கும். குளத்தோரமாக ஜீப்பை நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். எருமை தண்ணீருக்கு இறங்கும், முதலை வாயைத் திறந்தபடி கிடக்கும், மயில் தன்பாட்டில் நடந்து போகும். தூரமாக இருந்தால் இருக்கட்டும். யானை சிறிதாகத் தெரிந்தாலும், குளமும் காடும் சேர்ந்த படம் அது வாழும் இடத்தையே காட்டும். பூங்காவுக்குள் தீனி போடுவதும், அனுமதிக்கப்படாத இடத்தில் வாகனத்தை விட்டு இறங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

பாடசாலைச் சுற்றுலா கொண்டுபோகும் ஆசிரியர்களான நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. போனை எடுக்க முதல் ஒரு மிருகத்தை ஐந்து நிமிடம் பார்த்து, கண்ட மூன்று விடயங்களைக் கொப்பியில் எழுதச் சொல்வோம். அதற்குப் பிறகு எடுக்கும் படம் வேறு மாதிரி இருக்கும்.

பெற்றோரிடமும் ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டும்போது, “அந்த நேரம் அது என்ன செய்துகொண்டிருந்தது?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். புல் தின்றது, குஞ்சுக்கு ஊட்டியது, சும்மா படுத்துக் கிடந்தது என்று பதில் வந்தால் தாராளமாகப் பகிருங்கள். எங்களைக் கண்டு ஓடியது என்று சொன்னால், அந்தப் படத்தைப் பற்றிப் பிள்ளையோடு கொஞ்சம் இருந்து பேசுங்கள்.